தொண்ணூற்றைந்தில் கொதித்த தண்ணீர்

ஞாயிறு, மத்தியானம்

இல்லத்தில் இல்லாத என் இல்லத்தரசிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் நலம். அந்தத் தீவில் சுரங்கக்காரர்களுக்கு ஊசி போட்டு, கட்டுப் போட்டு ஓய்ந்தபின் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். வாரம் ஒருமுறை உனக்குக் கிடைக்கும் பத்து நிமிடப் போனில் ஒன்பதரை நிமிடத்தை உன் பெண்கள் இருவரும் பிடுங்கிக்கொள்கிறார்கள். மிச்சத்தில் 'ம், சரி, உடம்பைப் பாத்துக்கோ' என்பதற்கு மேல் எனக்கு வாயில் எதுவும் வருவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருக்கும், டியூட்டி முடிந்ததும் உட்கார்ந்து படி.

போன கடிதத்தில் நீ கறாராக எழுதியிருந்தாய். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது, இனிமேல் அறிவியலுக்கு நீ கைப்பட எழுதிவைத்த நோட்டு போதாது, மாதக் கடைசிக்குள் ஒழுங்கான பாடத்திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணத்தோடு எழுத வேண்டும், முடியாவிட்டால் இருவரையும் உன் அண்ணன் ஊரில் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று. இத்தனை வருடம் வீட்டிலேயே நீ சொல்லிக்கொடுத்த பிள்ளைகள். நீ கிளம்பியதும் பாடம் மொத்தமும் என் தலையில் விழுந்தது. ஃபிரிஜ் ரிப்பேர் பார்க்கிறவன் அறிவியல் சொல்லித்தருவதா என்று கல்லூரியில் பாடம் எடுக்கும் மச்சான் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் நான் இரண்டு முறை கோட்டை விட்டது ஊருக்கே தெரியும். அவர் அனுப்பிய விடுதிப் பள்ளிப் படிவத்தைக் கடையில் டூல் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, மாதிரிப் பாடங்களுக்கு எழுதிப் போட்டேன்.

மூன்று பார்சல் வந்தது. ஒன்றைத் திறந்தால், தேவையான பொருட்கள் என்று நான்கு பக்கப் பட்டியல், அதில் முதல் பொருளே மைக்ரோஸ்கோப். அப்படியே மூடி வைத்துவிட்டேன். இரண்டாவது நீ ஆசைப்பட்டதுதான். வழவழ தாள், கலர் படம், பாடத்துக்கொரு வீடியோ, பின்னால் விடைப் பகுதி. கூடவே ஒரு மதிப்பெண் அட்டை. நாமே திருத்தி மார்க் போட்டு அனுப்பினால் சான்றிதழ் வருமாம். மூன்றாவது ஒல்லியான கறுப்பு வெள்ளைப் புத்தகம். படித்துப் பார்த்தால் எல்லாம் கேள்வியாகவே இருக்கிறது, பதிலுக்கு வெறும் இடம் விட்டிருக்கிறான். காசு வாங்கிக்கொண்டு வெள்ளைத் தாள் விற்கிறானே என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உன் விருப்பப்படி அந்தக் கலர் புத்தகத்தையே ஆரம்பித்தோம். நம் வீட்டு வக்கீல், அதுதான் உன் பெரியவள், பிரமாதமாகப் படித்தாள். சின்னது, அந்த வாலு, வீடியோவில் வரும் ஆள் மாதிரியே கையை ஆட்டிப் பேசிக் காட்டி எங்களைச் சிரிக்க வைத்தாள். இரண்டு வாரத்தில் மதிப்பெண் அட்டை முழுக்க நூற்றுக்கு நூறு. பரவாயில்லையே, நம்மாலும் முடிகிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானுக்குக்கூடப் போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை கொதிநிலைப் பாடம். கடையில் இருக்கும் என் டிஜிட்டல் தெர்மாமீட்டரைக் கொடுத்து, அடுப்பில் தண்ணீர் வைத்து நீங்களே அளந்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்ரசர் மாற்றப் போனேன். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால் நூறு டிகிரி என்று எழுதி, டிக் அடித்து, மார்க்கும் போட்டாகிவிட்டது. ஆனால் அந்த நூறுக்குக் கீழே தாள் கிழிகிற அளவுக்கு ரப்பரால் தேய்த்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து.

ஏன் அழித்தாய் என்று கேட்டேன். புத்தகத்துல நூறுன்னுதான் போட்டிருக்கு என்றாள். அளந்தது எவ்வளவு என்றேன். மூன்று தடவை அளந்தார்களாம், பாத்திரம் மாற்றிக்கூடப் பார்த்தார்களாம், மூன்று தடவையும் தொண்ணூற்றைந்துதானாம். அப்புறம் எதற்கு அழிக்க வேண்டும் என்று கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். என்ன கேட்டாலும் வாதாடுகிற வக்கீல் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டாள். வாலுதான் போட்டு உடைத்தாள். மார்க் குறைஞ்சா மாமா எங்களை ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாராம், டூல் பெட்டிக்கு அடியில ஃபார்ம் இருக்காம், அக்கா பாத்துட்டா என்றாள்.

இரண்டு வாரமாக வந்த நூற்றுக்கு நூறில் எத்தனை இப்படி வந்ததோ என்று கேட்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே நினைத்தேன். என்னிடம் இருக்க வேண்டும் என்பதற்காகப் பிள்ளை பொய் எழுதுகிறாள் என்றால், என்னிடம் இருந்து அவளுக்கு என்ன பிரயோஜனம்?

முதலில் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டேன். ஐஸ் தண்ணீரில் வைத்தேன், சரியாகப் பூஜ்யம் காட்டியது. சரி, நாமே அளந்து பார்ப்போம் என்று அடுப்பு முன்னால் நின்றேன். கொதிக்கிற தண்ணீர், தொண்ணூற்றைந்து. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இது மலை மேல் இருக்கிற ஊர். காற்றின் அழுத்தம் கம்மி. அழுத்தம் குறைந்தால் கம்மியான சூட்டிலேயே கொதிக்கும். ஐயோ, இதை வைத்துத்தானே பதினேழு வருடமாகப் பிழைப்பு நடத்துகிறேன்! வேலை செய்கிற கைக்கு அது தெரியும், வாயால்தான் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு பேரையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் ஷட்டரைப் பாதி இறக்கினேன். தடித்த கண்ணாடி ஜாடியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டர் வயரை உள்ளே விட்டு, ரப்பர் அடைப்பை இறுக்கி, வாக்குவம் பம்பை மாட்டினேன். ஃபிரிஜ்ஜில் கேஸ் நிரப்புவதற்கு முன்னால் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்போமே, அந்த பம்ப். நீ திட்டுவாய் என்று ஜாடியைச் சுற்றிக் கம்பி வலையும் கட்டினேன். பம்பைப் போட்ட கொஞ்ச நேரத்தில் ஜாடிக்குள் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை. வாலு போட்ட கூச்சலில் எதிர்க்கடை டெய்லர் ஊசியும் கையுமாக ஓடிவந்துவிட்டார். அவரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

வக்கீல் மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அப்பா, கொதிக்கக் கொதிக்க ஆறுதுப்பா என்றாள். ஆமாம், முப்பத்தைந்தில் ஆரம்பித்தது இருபத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. ஒரு நிமிடம் யோசித்தாள். அப்போ ஃபிரிஜ்ஜுக்குள்ளயும் ஏதோ கொதிச்சுக்கிட்டேதான் இருக்கா, அதனாலதான் சில்லுன்னு இருக்கா என்று கேட்டாள். அடி என் தங்கமே! நானாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகப் பிடித்துவிட்டாள். டெய்லர் முன்னால் அழுது மானம் போய்விடக்கூடாது என்று பம்பைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். தண்ணீர் ஏறி பம்ப் ஆயில் பாழாகிப்போனது, புது ஆயில் ஊற்ற வேண்டியதாயிற்று. போகட்டும்.

இன்னொன்று. இந்த ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து, பருப்பு வேகவே மாட்டேங்குது, பழசைத் தள்ளிவிடுறார் என்று மளிகைக் கடைக்காரரை நீ திட்டிக்கொண்டிருக்கிறாய் அல்லவா? தொண்ணூற்றைந்திலேயே கொதித்துவிடுகிற தண்ணீருக்குப் பருப்பை வேகவைக்கச் சூடு போதவில்லை, அந்த மனுஷன் மேல் ஒரு குற்றமும் இல்லையாம். வக்கீலே நேரில் போய் உன் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அவர் இருவருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஒல்லிப் புத்தகத்தை எடுத்து அதே பாடத்தைப் புரட்டினேன். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதித்தது என்று கேட்டு இடம் விட்டிருந்தது. அதற்குக் கீழே, வேறு ஊரில் இருக்கும் ஒருவரையும் அளக்கச் சொல்லுங்கள், எண் வேறாக இருந்தால் ஏன் என்று யோசியுங்கள் என்று போட்டு அரைப் பக்கம் காலி. அந்த வெள்ளைத் தாளின் அருமை எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதைத்தான் எடுக்கப் போகிறேன். காரணம் கேட்டாயே, இதுதான் காரணம். இதில் அழித்து எழுத அவசியமே வராது.

மச்சானிடம் சொன்னேன். பின்னாடி விடையே இல்லேங்கறீங்க, எதை வெச்சுத் திருத்துவீங்க என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாதது நிறைய வரும். இலை, வேர், ரத்த ஓட்டம் என்று வந்தால் நான் திருதிருவென்று முழிப்பேன். அதெல்லாம் உன் பாகம். கேள்விகளைத் தபாலில் அனுப்புகிறோம், நீ பதில் எழுது. மற்றபடி தெரியாதவற்றை மூன்று பேருமாக முட்டி மோதிப் பார்க்கிறோம் என்று அவரிடம் சொன்னேன். அதற்கு அவர், முடிவு தங்கச்சி கையில, அவ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்றார்.

ஆகவே முடிவு உன் கையில்தான். விடுதிப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் என் கையெழுத்து இல்லை. வக்கீலின் நோட்டுப் பக்கத்தையும் வைத்திருக்கிறேன். அவளே வெட்டிக் கொடுத்தாள். நூறை இந்தத் தடவை அழிக்கவில்லை, ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் தொண்ணூற்றைந்து என்று எழுதியிருக்கிறாள். தப்பா எழுதினதும் இருக்கட்டும்ப்பா, அம்மா பாக்கட்டும் என்றாள். விடைப் பகுதிப்படி இந்தப் பக்கத்துக்குப் பூஜ்யம்தான். நீ பார்த்து மார்க் போடு.

பிள்ளைகளை அனுப்பினால் வீடு வெறிச்சென்று போய்விடும் என்று நான் அழவில்லை, அது என் கஷ்டம். இவர்கள் இனி பயந்துகொண்டு எதையும் எழுதக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அதற்கு நான் பொறுப்பு. என்மேல் கோபம் இருந்தால் நேரில் வந்து ஆசைதீரச் சண்டை போடு, வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன். நீ வருகிற வரைக்கும் பிள்ளைகளை என்னிடமே விட்டு வை, தாயே.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
உன் வீட்டுக்காரன்