மூன்று புதன்கிழமைகள்

சுங்கை காடுட்,
வியாழக்கிழமை மாலை

அன்புள்ள இந்துஜா,

டப்ளினில் குளிர் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. இதை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போயிருப்பாய். அதனால்தான் மின்னஞ்சலில் இவ்வளவு நீளம். கடைசிவரை படி.

நீ தொடங்கிவைத்த கணினிக் கால்பந்து லீக்கின் ஆறாவது பருவம் முடிந்தது. சிறந்த நிர்வாகி விருதுக்குத் தேர்வுக்குழு மூன்று பேரை முன்மொழிந்திருக்கிறது. பெயர் வந்தவர்களுக்கு மட்டும் திங்கட்கிழமை பட்டியலை அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சிரம்பான் விருந்தில், மேடையில்தான் சொல்வார்களாம். அந்தப் பட்டியலில் நான் இருக்கிறேன். மூர்த்தி இல்லை.

நம்மோடு ஐந்தாம் படிவம் படித்தானே, அதே கணேசமூர்த்திதான். போன பருவம் கடைசியில் கிடந்த லிங்கி அணியை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான். நான் ஐந்தாவது. ஐந்தாவதாக வந்தவளுக்குப் பெயர், இரண்டாவதாக வந்தவனுக்கு ஒன்றுமில்லை.

குழுத் தலைவர் அருட்செல்வனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “மூணு வாட்டி அணிப் பட்டியல் வரலம்மா. கம்ப்யூட்டரே ஆள் போட்டு ஆடியிருக்கு. அக்கறை இல்லாதவருக்கு எப்படிப் பேர் கொடுக்கறது?” என்றார். அவன் வேலை செய்கிற லிங்கித் தோட்டத்தில் ஃபோன் லைன் சரியாகக் கிடைக்காது என்று சொன்னேன். “லைன் இல்லன்னா லீக்ல எதுக்குலா சேரணும்?” என்று சிரித்தார்.

குழுவில் ஐந்து பேர். ஐவரும் சிரம்பான்காரர்கள், ஆபீஸ் வைஃபையில் ஆடுகிறவர்கள். எண்ணெய்க்கு வெட்டிய செம்பனைக் குலை ஏற்றிய லோரியின் மேல் நின்றுகொண்டு லைன் தேடியவன் ஒருவன்கூட அதில் கிடையாது. “ஒரு நாள் லிங்கித் தோட்டத்துக்கு வந்து பட்டியல் அனுப்பிக் காட்டுங்க” என்றேன். “உனக்குத்தான் பேர் வந்திருச்சே திலகா, அப்புறம் எதுக்குச் சண்டை?” என்று கேட்டார். ஃபோனை வைத்துவிட்டேன்.

இனி எழுதுவது உனக்கு மட்டும்.

அந்த மூன்று தவறும் மூர்த்தியுடையவை அல்ல, என்னுடையவை. தோட்டத்தில் பேசுகிற அளவுக்கு லைன் வரும், இணையம் வராது. அதனால் நான்காம் வாரத்திலிருந்து அவன் பட்டியலையும் நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டம் நடக்கும் புதன்கிழமைகளில் என் மதிய இடைவேளை முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவான். “இடது பக்கத்துப் பையன் களைச்சுட்டான் திலா, இன்னைக்கி உக்கார வை, பாவம்” என்பான். கணினிக்குள் இருக்கிற பையனுக்குப் பாவம் பார்க்கிறான்! துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, ஆறு மணிக்கு வேலை முடிந்ததும், கெடு முடிகிற ஆறரைக்குள் தட்டிவிடுவேன்.

மூன்று புதன்கிழமைகளில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். இந்தத் தொழிற்சாலையில் முன்கூட்டியே சொல்லும் வழக்கமில்லை. நம்மை யார் கேட்கப்போகிறார்கள்? ஃபோன் லாக்கரில் பூட்டிக் கிடந்தது, அவன் சொன்ன பதினோரு பேரும் என் சட்டைப்பையில் கிடந்தார்கள். கணினி காயம்பட்டவனையெல்லாம் இறக்கி ஆடியது. மூன்றிலும் தோல்வி. ஒன்றில் வென்றிருந்தாலும் அவன்தான் முதலிடம். என் அணியை மட்டும் காலையிலேயே அனுப்பிவிட்டிருந்தேன்.

அவனிடம் முடிவை மட்டும் சொன்னேன். “நான் சொன்ன ஆளுங்க சரியில்ல போல” என்று பழியைத் தானே எடுத்துக்கொண்டான். நானும் “அடுத்த வாரம் பாத்துக்கலாம்லா” என்றேன். மூன்று தடவையும் அப்படியே சொன்னேன், இந்து.

குழுவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரே ஆள் இரண்டு அணியைத் தொட்டால் இரண்டும் லீக்கை விட்டு வெளியே என்று விதி எழுதியவள் நீ. சொன்னால் அவனுடைய இரண்டாம் இடமும் போய்விடும். சொல்லாவிட்டால் அக்கறை இல்லாதவன் என்ற பெயர் நிற்கும். எப்படிப் பார்த்தாலும் அடி அவனுக்குத்தான்.

நேற்று அழைத்தான். ரந்தாவ் டவுனுக்குப் போய்ச் சட்டை வாங்கிவிட்டானாம். “நீலம், கோடு போட்டது. மேடைக்கு நல்லாருக்குமா?” என்று கேட்டான். இரண்டாவதாக வந்தவனை எப்படி விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நல்லாருக்கும் என்று சொல்லிவிட்டு, லைன் போய்விட்டதுபோல் துண்டித்துவிட்டேன்.

இன்று காலை என் பெயரை விலக்கிக்கொள்கிறேன் என்று குழுவுக்கு எழுதிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. இப்போது ஓர் இடம் காலி. லீக்கைத் தொடங்கியவர் ஒரு பெயரை முன்மொழியலாம் என்ற விதியும் உண்டு; நீ அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. அதுவும் நியாயமில்லை, எனக்குத் தெரியும். அருட்செல்வனைத் திட்டிய வாயால்தான் இதைக் கேட்கிறேன். சனிக்கிழமைக்குள் அவன் பெயரை அனுப்பிவிடு.

விருது கிடைக்காவிட்டால் பரவாயில்லை. பெயரைக் கூப்பிட்டு, அவன் எழுந்து நின்றால் போதும். உண்மையை நானே அவனிடம் சொல்லிவிடுவேன், திங்கட்கிழமை. அதற்குப் பிறகு மதியத்தில் என் ஃபோன் அடிக்குமா என்று தெரியாது. அதற்கு முன் அந்த நீலச் சட்டையை ஒருமுறை போட்டுக்கொள்ளட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். பதில் எழுது, கட்டைவிரல் வேண்டாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
திலகா