வெயிலில் காய்ந்த இலுப்பை விதைகள்

மாப்ளே,

விரலில் இன்னும் இலுப்பைப் பழத்தின் புளித்த வாடை. கழுவிக் கழுவி சோப்புதான் கரைந்தது. இந்த வாடைக்கு இலங்கை வௌவால்கூடக் கடல் தாண்டி சங்கரன்கோவில் வந்து சேரும்.

நீர் கொல்லையில் வைத்த மரம் இந்த ஆடிக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது, கிளை நிறையப் பழத்தோடு. உம்ம வீட்டுக்காரி, அதாவது என் தங்கச்சி, அழவில்லை. “அண்ணே, அவுக மரத்துல ஒரு கன்னாவது எனக்கு வேணும்” என்றாள். “ஒண்ணா? குருவிகுளம் வரைக்கும் காடே போட்டுத் தாரேன்!” என்று முழங்கினேன்.

நீர் உயிரோடு இருந்தவரை, கரன்ட் கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவதே உம்ம உத்தியோகம். ஆனால் இந்த மரத்தில் ஓர் இலையைக் கிள்ள விடமாட்டீர். ஒருநாள் பழத்தைப் பிதுக்கி, வழுக்கி விழுந்த விதையை என் கண்ணுக்கு நேரே நீட்டினீர். எண்ணெய் தேய்த்த வழுக்கைத் தலையாக மினுங்கியது. ஒரு பக்கம் வெளுத்த நீளத் தழும்பு. “ஈரத்தோட மண்ணுக்குப் போயிரணும் மச்சான். காஞ்சா செத்துரும். உம்மள மாதிரியே பொறுமை கெடையாது.”

இப்போது விழுந்த மரத்தின் விதைகளைப் பொறுக்கி வைத்துவிட்டுச் செம்மண் அள்ளப் போனேன். வண்டி தேடி அலைந்து மூன்று நாள் கழித்துத் திரும்பினால், எல்லாம் மொட்டைமாடி வெயிலில்! “எண்ணெய்க்குப் போடுத மாதிரி கலகலன்னு காய வச்சிருக்கேண்ணே.” தங்கச்சி முகத்தில் அத்தனை பெருமை. ஒன்றை உடைத்தேன்; பருப்பு சுருங்கிக் கிடந்தது.

சாய்ந்த மரத்துக்கடியில் தவழ்ந்து, நசுங்காத பழங்களைத் தேடி, ஒரு பிடி விதை தேற்றினேன். செம்மண் நிரப்பிய பைகளில் ஊன்றிய அன்றிலிருந்து, விடியுமுன்பே அவற்றின் முன்னால் போய் நிற்கிறேன். பால்காரர்கூட, “என்ன அண்ணாச்சி, பிரசவ வார்டு வாசல்ல நிக்குத மாதிரி நிக்கீய?” என்கிறார். விரல் மண்ணைத் தொடப் போகும்போதெல்லாம் உம்ம குரல்தான்: “மொதல்ல வேரு கீழ போவும். வித்து உள்ளயே கெடக்கும். மேல ஒண்ணும் தெரியாது. நோண்டுனீரு, வேரு ஒடிஞ்சிரும் வே!”

இன்று காலை ஒரு பையில் மண் வெடித்து, செம்பழுப்பாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. தங்கச்சியைக் கூப்பிட்டேன். குத்தவைத்து வெகுநேரம் பார்த்தாள்.

“வெயில்ல வேல பாத்துட்டு வார அவுக நெறம்லாண்ணே இது” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

மற்ற பைகளில் இன்னும் அசைவில்லை. கை துறுதுறுக்கிறது மாப்ளே. தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.