பிடுங்கிய கதிர்கள்

ரிப்பால்டா, 8 ஜூன் 2016

அன்புள்ள ஒத்தாவியா அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை உன் வீடு என் பொறுப்பு. கோழிகள் நலம். உன் நாய் மட்டும் என்னை இன்னும் விருந்தாளியாகவே நடத்துகிறது.

ஒரு நல்ல செய்தி. விதைக்கென்று நீ வேலி போட்ட துண்டு வயலில் கோதுமை குட்டையும் நெட்டையுமாக, கதிரில் மீசை வைத்ததும் மழித்ததுமாகச் சந்தைக் கூட்டம் மாதிரி நின்றது. அடுத்த வாரம் விதை ஆய்வாளர் வரப்போகிறார், விதை வயல் என்றால் ஒரே ரகமாக நிற்க வேண்டாமா, இது என்ன கோலம்? நானும் ஓய்வு பெறும்வரை அதே உத்தியோகம் பார்த்தவன், கை சும்மா இருக்குமா? நெட்டையையும் மீசைக்காரனையும் பிடுங்கிவிட்டேன். முதுகு போய்விட்டது. இப்போது வயல் ஒரே மட்டமாக நிற்கிறது. வந்து பார்த்துத் திட்டாமல் இரு.

உன் தம்பி,
எஜீதியோ

கம்போபாசோ மருத்துவமனை, 11 ஜூன்

அன்புள்ள தம்பி,

கால் பரவாயில்லை. இங்கே தரும் சூப்பில் உப்பில்லை.

நீ பிடுங்கியது களை இல்லை, அதுதான் என் பயிர். துரு நோய் வந்தால் ஒன்று சாயும், இன்னொன்று நிற்கும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் கலந்து கலந்து விதைத்தேன். இப்படிப்பட்ட கலப்பு விதையையும் விற்கலாம் என்று, நீ ஓய்வு பெற்ற பிறகு, சில வருஷங்களுக்கு மட்டும் சோதனையாக அனுமதித்திருக்கிறார்கள். எந்தக் கலவையை மாதிரியாகக் கொடுத்தேனோ அதுவே வயலில் நிற்க வேண்டும். எதையும் பொறுக்கி நீக்க மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இந்த விதைக்காக மலையைச் சுற்றிப் பலர் காத்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால் பொய். பிடுங்கியதை என்ன செய்தாய்?

ஒத்தாவியா

ரிப்பால்டா, 16 ஜூன்

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நீ விதையைக் கலந்தாய் என்று தெரியும், கலப்பாகவே விற்கப்போகிறாய் என்று தெரியாது.

ஆனால் கேள். ஆய்வாளர் சிமோனா நேற்று வந்தாள், சின்னப் பெண். வரப்பில் நின்று, "இவ்ளோ சுத்தமான வயல இந்த வருஷம் நான் பாக்கவே இல்லைங்க" என்றாள். சரி என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். அவள் கண்ணும் என் கண்ணும் ஒரே பள்ளிக்கூடத்தில் பழகியவை, பயிர் ஒரே மட்டமாக நின்றால் அதுவே போதும். விதை மூட்டையில் ஒட்டும் முத்திரைச் சீட்டு வந்துவிடும், நீ விற்கலாம். வாயைத் திறக்காதே.

பிடுங்கியதை எரிக்கவில்லை. விவசாயியிடம் காட்டுவதற்காகக் கட்டி வைப்பது எங்கள் வழக்கம். கொட்டகையில் தலைகீழாகத் தொங்குகிறது. நாளை நான் ஊருக்குப் போகிறேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

எஜீதியோ

ரிப்பால்டா, 20 நவம்பர்

அன்புள்ள தம்பி,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நானும் எழுதவில்லை.

சிமோனாவிடம் சொல்லிவிட்டேன். பாதிக் கலவையை முழுக் கலவை என்று மூட்டையில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அவள் முகம் சிவந்துபோய், "அதப் பாத்திருக்க வேண்டியது நான்தானே" என்றாள். சீட்டு வரவில்லை. கொஞ்சம் விதைக்கு எடுத்து வைத்தது போக, அறுவடை முழுக்க மாவு மில்லுக்குப் போனது. காத்திருந்தவர்கள் கடை விதையை வாங்கிப் போட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கர்மேலா, "உங்க தம்பி வந்து வயலுக்குச் சவரம் பண்ணிட்டுப் போனாராமே?" என்று ஊர் பூராவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கொட்டகையில் தொங்கிய உன் கட்டுகளை அடித்து, மில்லுக்கு அனுப்பாமல் வைத்த அந்த விதையோடு கலந்து விதைத்தேன். மணியில் பால் முற்றாமல் நீ பிடுங்கிய சிலது முளைக்கவில்லை. மற்றதெல்லாம் முளைத்துவிட்டது. கதிர் வந்ததும் பழைய மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்கிறாள் சிமோனா. அனுமதி முடிவதற்குள் ஒரு வருஷமாவது விற்க முடிந்தால் போதும்.

நீ எரித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

ஜூனில் வா. வயலுக்குள் என்னோடு நடக்கலாம். குனியக் கூடாது.

உன் அக்கா,
ஒத்தாவியா