கண்ணை மூடாத ஜெபம்

1994 ஜூன் 17, வெள்ளி

எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் மட்டும் ஏன் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்? நாற்பத்தெட்டு வயதாகியும் இதற்கு என்னிடம் பதில் இல்லை. நம்பிக்கை இல்லை என்றால் போகாமலே இருக்கலாம். போகிறேன். இவர் போகிறார், அதனால். பூனா பக்கத்து இந்த நிகடியில் தமிழ் காதில் விழுகிற இடம் வேறு இல்லை, அதனாலும்.

இன்று ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். வாசல் நிறைய நனைந்த செருப்புகள். வழக்கம்போல ஆளுக்கொரு ஜெபக் குறிப்பு கொடுத்தார் போதகர். எனக்கு ருவாண்டா. "நீங்க பேப்பர் படிக்கிறவங்க, காலேஜ்ல பாடம் எடுக்கிறவங்க." நான் வாய்விட்டு ஜெபிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். என் முறை வந்ததும் சற்று நேரம் விட்டு, அடுத்தவருக்குப் போனார்.

கனகம் பெரியம்மா, மருமகள் ரீனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "ஆண்டவரே, பெரியவங்கள மதிக்கிற மனச எங்க வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாரும்" என்றார். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது ரீனாதான். இவர் பிறகு சிரித்தார்: "ஜெபத்துக்கு நடுவுல யாரு எதிர்த்துப் பேச முடியும்? நல்ல வசதி."

ஜூன் 22, புதன்

எட்வினின் கை பிரஸ் மிஷினில் மாட்டிக்கொண்டதாம். வலது கை.

ஜூன் 23, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்கு விரல்கள் போய்விட்டன. கட்டைவிரல் மட்டும் இருக்கிறது. எட்வினுக்கு இருபத்தாறு வயது, ஐ.டி.ஐ. முடித்தவன். சாத்தான்குளத்திலிருந்து மே மாதம்தான் மனைவி அமலாவோடு வந்தான். ஞானதுரை அண்ணனின் பிரஸ் ஷாப்பில் வேலை. ஆகுர்டியில் தகடு வெட்டி வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற சின்ன ஷாப் அது. ஞானதுரை எங்கள் சபையின் செயலாளர். வேலைக்குச் சேர்த்துவிட்டதும் சபைதான்.

எட்வின் தூங்கிக்கொண்டிருந்தான். அமலாதான் பேசினாள்.

"ரெண்டு பொத்தான் உண்டும்க்கா. ரெண்டு கையாலயும் ரெண்டையும் அமுக்குனாத்தான் மிசினு எறங்கும். அப்பந்தான் கை உள்ள மாட்டாது. அதுல ஒண்ண டேப்பு சுத்தி அமுக்கியே வச்சிருக்காவ, வேல வேகமா ஓடணும்லா. இவுக சேரும்போதே அப்படித்தான் இருந்துச்சாம். இப்ப மொதலாளி, 'அவனேதான் சுத்திக்கிட்டான்'ங்காரு."

"அப்படிச் சொன்னா என்ன?"

"பாதுகாப்ப அவனே கழத்திட்டான்னா நஷ்ட ஈடு கிடையாதாம். வேலையும் கிடையாதாம்."

கறுப்பு டேப்பா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஏன் கேட்டேன் என்று எனக்கே அப்போது புரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் புரிந்தது.

மே முதல் தேதி. அந்தப் புது மிஷினைப் பிரதிஷ்டை செய்ய ஆராதனை முடிந்து சபையே அங்கே போயிருந்தது. மிஷினுக்கு மாலை, ரிப்பன். "இங்கே உழைக்கிற கைகளைக் காத்தருளும்" என்று போதகர் நீளமாக ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஃபிட்டர் ஷிண்டே மிஷினுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஒரு பச்சைப் பொத்தானை அமுக்கி அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றினான். சுற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ஞானதுரை கண்ணைத் திறந்து தலையசைத்தார். உடனே மூடிக்கொண்டார். ஏதோ ரிப்பேர் என்று நினைத்தேன். பிறகு எல்லோருக்கும் சமோசா கொடுத்தார்கள்.

எட்வின் வேலைக்குச் சேர்ந்தது அதற்கு அடுத்த வாரம்.

ஜூன் 26, ஞாயிறு

இன்று ஆராதனையில் எட்வினுக்காக விசேஷ ஜெபம். சுகம் கேட்டார்கள், பெலன் கேட்டார்கள், குடும்பத்துக்கு ஆறுதல் கேட்டார்கள். ஞானதுரை முன்வரிசையில் அழுதார். நடிப்பு என்று சொல்ல மாட்டேன். அவர் அழுகிறவர்தான். நியாயம் வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நியாயத்தைப் பொஸ்னியாவுக்காகக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் செய்தித்தாளை மடித்தார்.

"பூனாவுக்கு வந்த வருஷம் நமக்கு கேஸ் கனெக்‌ஷன் வாங்கித் தந்தது யாரு?"

"ஞானதுரை அண்ணன்."

"ம்."

அவ்வளவுதான். சாப்பிட்டோம்.

ஜூலை 2, சனி

மழை. விடைத்தாள்கள். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 9, சனி

ஞானதுரை வந்திருந்தார். இவர் வீட்டில் இல்லை. நான் பார்த்ததை நான் சொன்னது ஒரே ஒருவரிடம். ஆகவே அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்கவும் பிடிக்கவில்லை.

டீ குடித்தார். மழையைப் பற்றிப் பேசினார். எட்வினுக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஜெப நேரத்துல கண்ண முழிச்சிட்டிருந்தேன்னு வெளிய சொல்லிராதீய தங்கச்சி. ஆளுக சிரிப்பாவ" என்றார்.

"நீங்களும் முழிச்சுத்தானே இருந்தீங்க, அண்ணே."

டம்ளரை வைத்தார். "நீங்க கணக்கு வாத்தியாரம்மா. ஒங்ககிட்ட பேசி செயிக்க முடியுமா" என்றார். எழுந்து, நின்றபடியே வீட்டுக்காக ஒரு சின்ன ஜெபம் செய்தார். செருப்பைப் போட்டுக்கொண்டார்.

அவர் தெருமுனை தாண்டியதும் குடையை எடுத்துக்கொண்டு அமலா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டேன். எட்வின் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டான். ஷிண்டே வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டானாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாதாம்.

"இருவத்தஞ்சாந் தேதி லேபர் ஆபீஸ்ல விசாரணக்கா. நீங்க வந்து இதச் சொல்லுவீயளா?"

பார்க்கலாம் என்றேன். பார்க்கலாமா? பார்த்தாகிவிட்டதே. இன்னும் என்ன பார்க்க வேண்டும் எனக்கு?

ஜூலை 17, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர், பயந்தவர். "சபைக் காரியம் சபைக்குள்ள முடிஞ்சா நல்லது. உலகம் சிரிக்கும்படி ஆயிரக் கூடாது" என்றார். உலகம் என்ற சொல்லை அவர் வாரந்தோறும் ஜெபத்தில் சொல்வதுதான். இன்றுதான் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதை அவரிடம் சொல்லவில்லை. வழக்கம்போல உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மாலை, கலங்கியிருக்கிற உலகத்துக்காக இரக்கமும் நீதியும் வேண்டி உபவாச ஜெபமாம். மறுநாள் விசாரணை.

ஜூலை 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ஆளுக்கொரு நாடு. எனக்கு மறுபடியும் ருவாண்டா. இப்போது அகதி முகாம்களில் காலரா. எட்வினும் அமலாவும் கடைசி வரிசையில். யாரும் அவர்களை விலக்கவில்லை, அவர்கள் பக்கத்தில் உட்காரவும் இல்லை. என் முறை வந்ததும் போதகர் வழக்கம்போல இடைவெளி விட்டார்.

நான் எழுந்து நின்றேன். முகங்களைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது என்று தெரிந்தது. கண்ணை மூடினேன். எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

ருவாண்டாவில்தான் தொடங்கினேன். தாகத்தில் சாகிற பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்றேன். பிறகு, "ஆண்டவரே, மே முதல் தேதி நாங்கள் ஆகுர்டியில் ஒரு மிஷினுக்காக உம்மிடம் ஜெபித்தோம். அப்போது ஷிண்டே ஒரு பொத்தானில் கறுப்பு டேப் சுற்றினான். ஞானதுரை அண்ணன் தலையசைத்தார். எட்வின் அப்போது அங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கவே இல்லை. இதை நான் பார்த்தேன். நீர் இருக்கிறீர் என்றால் நீரும் பார்த்திருப்பீர்."

என் குரல் வகுப்பில் பேசுகிற குரலாகவே எனக்குக் கேட்டது. யாரும் குறுக்கிடவில்லை. ஜெபத்தில் குறுக்கிட மாட்டார்கள். எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஒரே ஒரு ஆமென் கேட்டது. பெண் குரல், மெதுவாக. யார் என்று தெரியாது. எல்லா நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு இன்று மட்டும் தெரியாமல் போயிற்று. கண்ணைத் திறந்தபோது எல்லோரும் குனிந்தே இருந்தார்கள். போதகர் பாட்டு எண் சொன்னார். இவர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்ய வெளியே போய்விட்டார்.

ஜெபத்தில் சொன்னதோடு முடிந்ததா? ஆண்டவரிடம் சொன்னது ஆபீசில் செல்லுமா? நாளைக்குப் போவேனா—

ஜூலை 25, திங்கள்

போனேன். கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டுப் பஸ்ஸில். இவர் டிபன் சாப்பிட்டார், எங்கே என்று கேட்கவில்லை.

ஞானதுரை பக்கத்துக்குச் சாட்சி மூன்று பேர்: போதகர், சபைக் கமிட்டியில் இரண்டு பேர். மே முதல் தேதி பொத்தானில் யாராவது டேப் சுற்றினார்களா என்று அதிகாரி ஒவ்வொருவரையும் ஹிந்தியில் கேட்டார். தெரியாது, ஜெபத்தில் இருந்தோம், கண் மூடியிருந்தது என்றார்கள். மூன்று பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

நான் பார்த்ததைச் சொன்னேன்.

"வேறு யாராவது பார்த்தார்களா?"

"தெரியாது." ஆமென் சொன்னவள் யாரோ, அவள் வரவில்லை.

"எல்லோரும் பிரார்த்தனையில் இருந்திருக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் கண்ணைத் திறந்திருந்தீர்கள், மேடம்?"

பதில் தெரியாது என்றேன். கிளார்க் அதையும் எழுதிக்கொண்டார்.

முடிவில் அதிகாரி, கேஸ் தள்ளுபடி ஆகாது என்றார். எப்போது முடியும் என்று மட்டும் தன்னைக் கேட்க வேண்டாம் என்றார்.

வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எட்வின் இடது கையில் பேனாவைப் பிடித்து முதல் எழுத்தைப் போட்டான். கோடு வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி தொடங்கினான். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். கிளார்க் மை டப்பாவை அவன் பக்கம் தள்ளி, "அங்கூட்டா" என்று தன் கட்டைவிரலைக் காட்டினார்.

"ஐ.டி.ஐ. படிச்சவுக, சார். எழுதத் தெரியும்" என்றாள் அமலா.

தமிழில்தான் சொன்னாள். எங்களைத் தவிர அந்த அறையில் அது புரிந்தவர்கள் ஞானதுரையும் அந்த மூன்று பேரும்தான். ஒருவரும் திரும்பவில்லை. எட்வின் பேனாவை வைத்துவிட்டு, கட்டைவிரலை மையில் அமுக்கினான்.