டீச்சர் பெயரை நீக்காமல் அட்டவணை போடுவது எப்படி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பைப் பற்றித்தான் முதலில் கேட்பாய் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை அடங்கியிருக்கிறது, முழங்கால் தன் பாட்டுக்கு முனகுகிறது, மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், உன் அத்தை விடுவதில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குளிர் தொடங்கியிருக்குமே, பேத்தியைக் காதை மூடாமல் பள்ளிக்கு அனுப்பாதே. போனில் பேசும்போதெல்லாம் அழுதீங்களாப்பா என்று கேட்கிறாய், இல்லை என்று சொன்னால் அடுத்த முறையும் அதையே கேட்கிறாய். உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது என்று உன் அம்மா கிண்டல் செய்வாள், அதனால் ஒரு உதாரணமே சொல்கிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் அது வேறு யாருடைய கன்னமோ போல இருக்கும். வலி கிடையாது. தண்ணீர் குடித்தால் ஓரத்தில் வழிவது மட்டும் நமக்கே தெரியாது. அம்மா போனதிலிருந்து அப்படித்தான் இருக்கிறேன். போன வாரம் குளித்துவிட்டு வந்து பேப்பர் படித்துவிட்டு மறுபடியும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறேன், டேய் காலையிலேயே குளிச்சாச்சுடா, உன்னால இந்தத் தெருவுக்கே தண்ணி பத்தாது என்று அத்தை கத்திய பிறகுதான் தலை ஈரமாக இருப்பது கைக்குத் தெரிந்தது. பயப்படாதே, வேறு ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதம் எழுதக் காரணம், அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு அவங்க நினைவாக டைம் டேபிள் போடற அந்தக் கம்பெனி சாஃப்ட்வேரை நான் வாங்கித் தரேன், நீங்க மல்லுக்கட்டாதீங்கப்பா என்று நீ சொன்னாயே, அதற்குப் பதில் சொல்லத்தான். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பள்ளி திறக்கும் நேரம் நெருங்கியபோது ஹெட்மிஸ்ட்ரஸ் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றிப் பேசினார், வாசல் கேட்டைப் பற்றிப் பேசினார், அத்தை கொடுத்த டீ ஆறிப்போகும் வரை பேசிவிட்டு, சார், கேக்கவே வாய் வரலை, டைம் டேபிள் இல்லாம ஸ்கூலைத் திறக்க முடியாது, எல்லாம் டீச்சர் கையிலதான் இருந்தது, இப்ப ஒரு கம்பெனிக்காரர் தினமும் வந்து எங்க சாஃப்ட்வேரை வாங்குங்கன்னு உயிரை எடுக்கறார் என்றார். நான் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் சொல்லிவிட்டது. உள்ளேயிருந்து அத்தை, இவனா, டிவி ரிமோட்டைத் தலைகீழாப் பிடிக்கறவன் ஆச்சே என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஆறின டீயைக் குடித்தார்.

கால அட்டவணை என்றால் ஏதோ கட்டம் போட்டு நிரப்புவது என்று நினைக்காதே. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் இருக்க முடியாது, ஆய்வகம் ஒன்றுதான், வகுப்புகள் மூன்று, ஓவிய டீச்சரின் அம்மா படுத்த படுக்கை என்பதால் அவர் காலையில் மட்டும்தான் வருவார், சாப்பிட்ட கையோடு சின்னப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பினால் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். நானும் அங்கே வேலை பார்த்த காலத்தில் ஸ்டாஃப் ரூம் தரையில் அட்டைகளைப் பரப்பிச் சண்டை போட்டுத்தான் இதைச் செய்வோம், இயற்பியல் சார் ஒருமுறை கோபத்தில் வெள்ளிக்கிழமை முழுவதையும் மிதித்துவிட்டுப் போனார். பிறகுதான் உன் அம்மா இதற்கென்று ஒரு மென்பொருளைத் தேடிப் பிடித்தாள். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லாருக்கும் சொந்தமான மென்பொருள், முகம் தெரியாத மனிதர்கள் வேலை முடிந்து வந்து, சம்பளம் இல்லாமல் எழுதி, பிரித்துப் பார்க்கலாம் மாற்றலாம் அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று திறந்து வைத்திருப்பது. சும்மா கிடைக்கறதுன்னா ஏதாவது வில்லங்கம் இருக்கும்மா என்று நீ சொன்னதும், உங்க கம்பெனியில பூட்டுப் போட்டு விக்கறீங்க, இவங்க பூட்டே வாங்கலைடி என்று அவள் சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். எனக்கு அது கணக்கு வாத்தியாராகத்தான் புரிந்தது. வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதே இல்லை. இவர்கள் ஒவ்வொரு வரியும் தெரிகிற மாதிரி கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள், எந்தப் படியில் தப்பு என்று யார் வேண்டுமானாலும் வந்து விரல் வைக்கலாம்.

அதைத் தமிழில் ஆக்கியது உன் அம்மாதான் என்பது உனக்குத் தெரியும், எப்படி ஆக்கினாள் என்பது தெரியாது. அவளுக்கு வகுப்பில்லாத மூன்றாம் பீரியடில் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக எழுதினாள், அதனால் அதை எழுதுகிறவர்கள் கூடும் இணையப் பக்கத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயரே மூணாம் பீரியட். மற்ற இடங்களில் ரத்து செய் என்று அதட்டுகிற பொத்தான் இவளிடம் சரி, வேண்டாம் என்று இருக்கும். தவறான உள்ளீடு என்பதற்குப் பதில் இந்த எண் பொருந்தவில்லை, இன்னொரு முறை பாருங்கள் என்று இருக்கும். நான் அவள் கம்ப்யூட்டரைத் திறந்து அட்டவணை போட உட்கார்ந்தபோது வீட்டில் இத்தனை நாள் இல்லாத அவள் பேச்சு அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. படித்தேன், அவ்வளவுதான். புது ஆண்டு வகுப்புகளைச் சேர்த்தேன், அம்மா இடத்துக்கு வந்திருக்கிற புது டீச்சரைச் சேர்த்தேன், தொடங்கு என்ற பொத்தானை அழுத்தினேன். முடியவில்லை என்று நின்றது. காரணத்தையும் சொன்னது. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஆசிரியர் இரண்டு பேர். புது டீச்சருடைய பீரியடிலெல்லாம் உன் அம்மாவும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருந்ததல்லவா, கம்ப்யூட்டர் அந்தக் கணக்கிலேயே இருந்தது. ஆசிரியர் வரிசையில் அவள் பெயருக்குப் போய் நீக்கு என்பதை அழுத்தினேன். இந்த ஆசிரியரை நீக்கினால் இவருடைய பாடங்கள் எல்லாம் கூடவே போய்விடும், நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டது. அதுவும் அவள் எழுதியதுதானே. கீழே இரண்டு பொத்தான், ஆமாம் நீக்கு, சரி வேண்டாம். நான் சரி வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். திரும்பி வந்தேன், மறுபடி நீக்கு, மறுபடி அதே கேள்வி, மறுபடி சரி வேண்டாம். துக்கமாக இருந்ததா என்று கேட்டால் இல்லை, விரல் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். பள்ளி திறக்க நாள் நெருங்குகிறது, ஓவிய டீச்சர் வேறு, சார் எனக்குக் காலை பீரியட்தானே என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

திரையின் கீழே சிக்கலா, எங்களிடம் சொல்லுங்கள் என்று ஒரு வரி இருந்தது. அங்கேதான் நான் தப்புச் செய்தேன். அது மென்பொருளில் கோளாறு இருந்தால் அதை எழுதியவர்களுக்குத் தெரிவிக்கிற இடமாம், உதவி கேட்கிற இடம் வேறாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்த தகப்பன் லீவு லெட்டரை உடைந்த பெஞ்சுக்கான புகார்ப் பெட்டியில் போட்ட மாதிரி ஆகிவிட்டது. எனக்கென்ன தெரியும், கேள்வித்தாள் கண்ணில் பட்டால் ஒரு கேள்வியையும் விட மாட்டேன். தலைப்பு கேட்டது, டீச்சர் பெயரை நீக்காமல் அட்டவணை போடுவது எப்படி என்று எழுதினேன். என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் பாடம் எடுப்பாள், பிறகு என்னோடு வீட்டில் இருப்பாள் என்று எதிர்பார்த்தேன் என்று எழுதினேன். மாறாக என்ன நடந்தது என்று இருந்தது. ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள் என்று எழுதினேன். இது அடிக்கடி நடக்கிறதா, ஒரே முறை நடந்ததா என்று இருந்தது. ஒரே முறை என்று எழுதினேன். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா, தயங்காமல் எழுதுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள் என்று இருந்தது. இந்தக் கேள்விகளைத் தமிழில் எழுதியவர் என் மனைவி, உங்களுக்கு அவர் மூணாம் பீரியட் என்று எழுதி அனுப்பிவிட்டேன். பரீட்சை எழுதி முடித்த மாதிரிதான் இருந்தது, கை கழுவிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் பதில் வந்திருந்தது. பிழை அல்ல, மென்பொருள் சரியாகவே இயங்குகிறது என்று ஒரு வரி, விண்ணப்பத்தை மூடிவிட்டோம் என்று கீழே ஒரு குறி. எனக்குக் கோபமே வரவில்லை. நியாயம்தான் என்று தோன்றியது. ஃபேன் சுற்றுகிறது, பால்காரர் வருகிறார், எல்லாம் சரியாகவே இயங்குகிறது. கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். சாயங்காலம் ஹெட்மிஸ்ட்ரஸுக்கு முடியவில்லை என்று சொல்லிவிடலாம், நீ சொன்னபடி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, அவர் நம்பர் கம்ப்யூட்டரில் இருந்ததால் திறந்தேன். அவர்கள் மூடிய விண்ணப்பத்தை யாரோ மறுபடி திறந்திருந்தார்கள். அந்த மென்பொருளை முதலில் எழுதியவர், படத்தில் நெஞ்சு வரை தாடியோடு இருப்பார், அம்மா அவரைத் தாடிக்காரர் என்றுதான் சொல்வாள், அவர்தான் திறந்திருக்கிறார். காலையில் மூடியவர் கீழே எழுதியிருந்தார், ஐயா நான் ஒரு அவசரக்குடுக்கை, கடைசி வரியைப் படிக்காம மூடிட்டேன், நான் இங்க புதுசா வந்து அசட்டுக் கேள்வியா கேட்டப்ப, பரவாயில்லப்பா எல்லாரும் இங்கதான் ஆரம்பிச்சோம்னு முதல் பதில் போட்டது உங்க வீட்டம்மாதான், நேத்து வரைக்கும் அவங்க ஏன் பேசலைன்னு நான் மனசுக்குள்ள கோபமா இருந்தேன் என்று. அதற்குக் கீழே ஒவ்வொருவராக வந்திருந்தார்கள், அவரவர் மொழியில் எழுதியதை இயந்திரம் தமிழாக்கிக் கொடுத்தது, சில வாக்கியம் கால் ஒடிந்து நின்றாலும் புரிந்தது. படகில் பிள்ளைகள் வந்து போகிற தீவுப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர், படகு நேரத்துக்கு ஏற்ப அட்டவணை போட இவள்தான் சொல்லிக் கொடுத்தாளாம். ஒரு மருத்துவமனையில் நர்ஸுகளுக்கு வேலை நேரம் போடுகிற பெண் இதே மென்பொருளில்தான் போடுகிறாளாம், அவளுக்கும் இவள்தான். அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இத்தனை பேரா, ஒருத்தர்கூட வீட்டுப் பக்கம் எட்டிப் பாத்ததில்லையேடா, டீத்தூள் மிச்சம் என்று சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். நான் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாடிக்காரர் சமாதானம் சொல்லவில்லை, வழி சொன்னார், அது எனக்குப் பிடித்தது. பெயரை நீக்க வேண்டியதில்லை, அவருடைய ஒவ்வொரு பாடத்துக்கும் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள், பாடம் தூங்கும், பெயர் அப்படியே நிற்கும் என்று. அப்படியே செய்தேன். அழுத்தினேன், ஓடியது, அட்டவணை வந்தது, ஓவிய டீச்சருக்கு எல்லாம் காலையில். ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளாக அச்சாகும் என்பதால் உன் அம்மாவுக்கும் ஒரு தாள் வந்தது, மேலே பெயர், கீழே எல்லாக் கட்டமும் காலி. நான் அதை உருவி எடுக்கப் போனேன். தாள்களை வாங்க வந்த ஹெட்மிஸ்ட்ரஸ், இருக்கட்டும் சார் என்று மற்ற தாள்களோடு சேர்த்து ஃபைலில் வைத்துக்கொண்டு போனார். இந்த உதவிக்குப் பதிலாக நான் என்ன செய்ய வேண்டும் என்று இணையத்தில் அவர்களிடம் கேட்டேன். அவசரக்குடுக்கைதான் பதில் சொன்னார், ஒண்ணும் வேணாம் சார், அடுத்து யாராவது வந்து முழிச்சா நீங்க சொல்லிக் குடுங்க என்று. நேற்று ஒரு டீச்சர் ஆய்வகம் ஒன்று, வகுப்பு மூன்று என்று வந்து முழித்தார். பேருந்து நிறுத்த உதாரணம் ஒன்று சொல்லி விளக்கினேன், புரிந்தது என்றார். அதனால்தான் சொல்கிறேன், நீ வாங்க வேண்டாம்.

வேறொன்று நீ செய்ய வேண்டும். ஒவ்வொரு டிக்காக எடுக்கச் சொன்னதற்குத் தாடிக்காரர் மன்னிப்புக் கேட்டார், ஆசிரியர் போனால் நீக்குவது ஒன்றைத்தான் நாங்கள் யோசித்திருக்கிறோம் என்றார். நன்றாக யோசித்தீர்களா என்று கேட்கிற இடத்தில் இப்போது மூன்றாவதாக ஒரு பொத்தான் வைத்திருக்கிறார், அதை அழுத்தினால் பாடங்கள் எல்லாம் ஒரே சமயம் நிற்கும், ஆசிரியர் பெயர் வரிசையில் தங்கும். எந்த ஊர் எந்தப் பள்ளிக்கும் இனி அது வரும். எல்லா மொழியிலும் அதன் மேல் என்ன இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள், தமிழ் மட்டும் காலியாக இருந்தது, அதை நீங்கள்தான் எழுத வேண்டும் என்று எனக்கு விட்டு வைத்தார். எழுதிவிட்டேன். ஆனால் யார் எழுதினாலும் இன்னொருவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அங்கே ஏறும், அது அவர்கள் வழக்கம், அம்மா எழுதியதையும் யாராவது பார்த்த பிறகே ஏற்றியிருக்கிறார்கள். நான் பாக்கறேன் சார் என்றார் அவசரக்குடுக்கை. வேண்டாம், என் மகள் பார்ப்பாள் என்று சொல்லியிருக்கிறேன். உன்னுடைய பூட்டுக் கம்பெனி இதற்கு ஒன்றும் சொல்லாது என்று நினைக்கிறேன்.

பேத்தி நன்றாகப் படிக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் அன்பு, நீ நேரத்துக்குச் சாப்பிடு, தீர்க்காயுசாக இரு. அழுதீங்களா என்று இனிமேல் கேட்காதே. மரத்தது விடும்போது உதட்டோரம் முதலில் குறுகுறுக்கும், அதுவரை சூடாக எதையும் மெல்லாதீர்கள் என்று பல் டாக்டர் சொல்வார், நான் அப்படித்தான் காத்துக்கொண்டிருக்கிறேன். மறக்காமல் இந்த வாரமே அந்தப் பொத்தானைப் போய்ப் பார். நான் எழுதியிருப்பது இரண்டே சொல், பெயர் இருக்கட்டும். அம்மா எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாள் என்று யோசித்துப் பார்த்து, சரியாக இருந்தால் சரி என்று சொல், இல்லையென்றால் மாற்று.

இப்படிக்கு,
உன் அப்பா