பதினோராம் கட்டில்

அக்டோபர் 8, திங்கள்

விடியும் முன்பே மழை. ரப்பர் மரம் நனைந்துவிட்டதால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லாத நாளில் எஸ்டேட் முழுவதும் ஆஸ்பத்திரிக்கு, கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரசரான என்னிடம் வந்துவிடும். இருமல், சொறி, பல்வலி, சும்மா பேச்சு.

பஞ்சு வந்தது. கார்பாலிக் வரவில்லை. மலேரியா மாத்திரை இந்த வாரத்துக்குத்தான்.

ஆண்கள் வார்டில் ஆறு பேர். மூன்றாம் கட்டில், வேலை மேற்பார்க்கும் மண்டோர் சின்னையாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, வாய் இறங்கவில்லை. பெண்கள் வார்டில் புதிதாக மருதாயி, வயது 22, பால்வெட்டுக்காரி. மூன்று மாதக் கைக்குழந்தை. இரு கால்களும் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. கெண்டைக்காலைத் தொட்டால் முகம் சுளிக்கிறாள். பாதம் மரத்துப்போகிறதாம்.

கூட வந்தவள் நாத்தனார் செல்லம்மா. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.

குழந்தையின் பெயர் பிச்சை. முதல் பிள்ளை போன வருஷம் இறந்துவிட்டது, அதனால் இந்தப் பெயர். பிச்சை அழுகிறான். வாய் திறக்கிறது, முகம் சிவக்கிறது, கை கால் உதறுகிறது. சத்தம் மட்டும் இல்லை. துருத்தி ஊதுவது போல் காற்று வருகிறது.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மண்டோர்: “டிரசரய்யா, புள்ள அழுவுதுன்னாங்க. எனக்குக் காது போச்சா, அதுக்கு வாய் போச்சா?”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது. இந்தக் காற்றுச் சத்தத்தை எங்கோ கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 9, செவ்வாய்

வெயில். மண் ஆவி விடுகிறது. டாக்டர் பத்தேகாலுக்கு வந்தார், முன்னே ஒரு ராணுவ வண்டி, பின்னே ஒன்று. மதராஸில் படித்தவர், முப்பது வயது இருக்கும். கெட்டிக்காரர். என்னை ‘மிஸ்டர் சாமுவேல்’ என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். எனக்குத்தான் அவர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மருதாயிக்கு மூத்திரப்பையோ சிறுநீரகமோ என்றார். பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். குழந்தைக்குத் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா, சந்தேகம். தொண்டையில் வெள்ளைப் படலம் இல்லையே என்று நான் மனதுக்குள் சொன்னேன். அவரும் பார்த்தார், ஆரம்ப நிலையாக இருக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை வரும்போதும் குரல் வராவிட்டால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து டவுன் ஆஸ்பத்திரியின் தனி அறைக்குக் கொண்டுபோவாராம்.

தாய்ப்பால் இல்லாமல் மூன்று மாதப் பிள்ளை. செல்லம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

தைரியத்தைத் திரட்டி, தீட்டிய பச்சரிசியால் வரும் பெரிபெரியாக இருக்கலாமோ என்று கேட்டேன். கேள்வியைப் பாதியிலேயே மென்று விழுங்கினேன், ஆனாலும் அவருக்குக் கேட்டுவிட்டது. சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார்.

“தமிழாளுங்க புழுங்கல் சாப்பிடுறவங்க, மிஸ்டர் சாமுவேல். அவங்களுக்கு அது வராது. அதோட, குரல் போறது அந்த நோயோட குறியே இல்ல. இந்த மலாயாச் சீமையிலேயே செஞ்ச ஆராய்ச்சிதான் அது. பழைய அறிக்கை உங்க அலமாரியில இருக்கே, படிச்சதில்லையா?”

படித்திருக்கிறேன் என்றேன்.

படித்திருக்கிறேன். அதில் பாதி என் கையெழுத்திலிருந்து அச்சானது.

அக்டோபர் 10, புதன்

காலையில் தூறல், பிறகு புழுக்கம்.

அறிக்கையை எடுத்துத் தூசி தட்டினேன். கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது. எனக்கு அப்போது இருபது வயது. டவுன் ஆஸ்பத்திரியில் எடை குமாஸ்தா. இரண்டு வார்டு, நடுவே ஒரு மூங்கில் தட்டி. ஒரு பக்கம் பச்சரிசிச் சோறு, மறுபக்கம் புழுங்கல். மற்றதெல்லாம் ஒன்றே: அதே மீன், அதே கீரை, அதே படுக்கை. யாருக்குக் கால் வீங்குகிறது, யாருக்கு இல்லை என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. தினமும் காலை ஏழு மணிக்குப் பித்தளைத் தராசில் ஒவ்வொருவராக நிறுத்தி எடை எழுதுவேன். ஆராய்ச்சி நடத்திய வெள்ளைக்காரத் துரை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார். சுருட்டு வாசனை. “அழகான எண்கள்” என்று ஒருநாள் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு மாதம் மிதந்தேன்.

தராசின் சங்கிலி ஒலி, கஞ்சி போட்டு விறைத்த என் வெள்ளைக் கோட்டு, வராந்தாவில் சீன நோயாளிகள் வெற்றுடம்போடு உட்கார்ந்து காய் உருட்டும் ஓசை. எல்லாம் இப்போது நடப்பது போல் இருக்கிறது. நேற்று என்ன சாப்பிட்டேன் என்பது நினைவில் இல்லை.

சரி. இன்று செய்தவை:

1. மருதாயியைக் குந்தி உட்காரச் சொன்னேன். கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன். முடியவில்லை. இரண்டு முறை. பச்சரிசி வார்டில் எல்லோரிடமும் தினமும் செய்த சோதனை இது.

2. செல்லம்மாவிடம் சாப்பாடு விசாரித்தேன். பெருமையாகச் சொன்னாள். முதல் பிள்ளை போனது பத்தியம் குறைவாக இருந்ததால்தானாம். ஆகவே இந்த முறை நாற்பது நாளோடு விடாமல் மூன்று மாதமும் சுடுசோறு, மிளகு ரசம், சுட்ட கருவாடு. பருப்பு இல்லை, கீரை இல்லை, கறி இல்லை. “என் பங்குக் கருவாட்டையும் அவளுக்குத்தான் குடுத்தேன் டிரசரய்யா. ஒருநாள் கூட தவறல.” கண் கலங்கியிருந்தது. அவள் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

3. பொதுச் சமையல் கொட்டகைக்குப் போனேன். வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக்கூடாது என்ற உத்தரவு போன வருஷம் வந்ததிலிருந்து எஸ்டேட் முழுவதற்கும் சோறு அங்கேதான். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு, அந்தக் காட்டுக்காரர்களுக்கு, அரிசி போய்விடக்கூடாதாம். மாதக்கணக்காக நான் அங்கே எட்டிப் பார்க்கவில்லை, எனக்குச் சோறு பையனிடம் வரும். மூட்டையைத் திறக்கச் சொன்னேன். வெள்ளை வெளேர் என்று தீட்டிய பச்சரிசி. புழுங்கல் வரத்து இல்லை, எல்லா இனத்துக்கும் ஒரே அண்டா என்றார் சமையல்காரர். ஐந்து தண்ணீர் கழுவுகிறார்கள். வடித்த கஞ்சி நேரே சாக்கடைக்குப் போகிறது.

வீட்டில் பொங்கியபோது அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்தவர்கள் இவர்கள்.

என் தட்டிலும் இதே சோறுதானே விழுந்தது? பார்த்தும் பார்க்காமலா தின்றேன்? எழுபது வயதில் நான் கவனிப்பது இவ்வளவுதான்.

அக்டோபர் 11, வியாழன்

மேகமூட்டம். கார்பாலிக் வந்தது.

டாக்டருக்குக் கடிதம். நான்கு முறை எழுதி நான்கு முறை கிழித்தேன். அரிசியைப் பற்றி எழுதிவிட்டேன், அது சுலபம். குரலைப் பற்றி எழுதும் இடத்தில் கை நிற்கிறது. அறிக்கை, பக்கம் 31: ‘பச்சரிசி வார்டு, பதினோராம் கட்டில். குரல் முற்றும் போயிற்று. உணவில் மாற்றம் ஏதுமின்றி மூன்று வாரத்தில் தானே குணமாயிற்று. ஆகவே குரல் நோய்க்கும் அரிசிக்கும் தொடர்பில்லை.’

பதினோராம் கட்டில் ஆ சூன் என்ற சீனன். தச்சன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். ‘குமாஸ்தா, எடை கூட்டி எழுது, ஊருக்குக் காகிதம் போடணும்’ என்று உடைந்த மலாயில் கேலி செய்வான். காலில் தொடங்கி, இடுப்புக்கு ஏறி, பிறகு குரல் போயிற்று. கேலி செய்ய வாய் திறப்பான், காற்று வரும். அதற்கும் அவனே சிரிப்பான், சத்தமில்லாமல். என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு மெஸ்ஸிலிருந்து தூக்குச் சட்டியில் புழுங்கல் சோறும் வெங்காயச் சாம்பாரும் வரும். அவன் தட்டை நான் வாங்கிக்கொண்டு என் சட்டியை அவனிடம் தள்ளினேன். மூன்று வாரம். பச்சரிசிச் சோற்றை நான் தின்றேன். ஏட்டில் ‘உணவில் மாற்றம் இல்லை’ என்று அழகான எழுத்தில் எழுதினேன்.

துரை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தராசைத் துடைத்தேன்.

ஆ சூன் போகும்போது ஒரு அடிக்கோல் இழைத்துக் கொடுத்தான். இந்தப் பக்கத்தின் ஓரக் கோடும் அதைக் கொண்டுதான் போட்டேன். மனைவி எஸ்தரிடம் கூட இதைச் சொன்னதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் அவள் கண் மூடும் வரை அந்த அடிக்கோல் கடையில் வாங்கியது என்றே நினைத்திருந்தாள்.

கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. நாளை டாக்டர் வருவார். நேரில் சொல்லலாம். சொல்வேனா?

அக்டோபர் 12, வெள்ளி

கொட்டும் மழை. ஒன்பது மணிக்கு எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னான். எட்டாம் மைல் கட்டை அருகே காட்டுக்காரர்கள் வழிமறித்துச் சுட்டிருக்கிறார்கள், சாலையை மூடிவிட்டார்கள், டாக்டர் இன்று இல்லை. வெட்கக்கேடு: முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினொன்றரைக்குப் பிச்சைக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம். ஈரல் விலாவுக்குக் கீழே கைக்குத் தட்டுப்பட்டது. நாடி எண்ண முடியாத வேகம். பால் குடிக்கவில்லை. மருதாயி என் முகத்தையே பார்த்தாள். செல்லம்மா கேட்டாள்: “மொதப் புள்ளையும் இப்படித்தான் போச்சு டிரசரய்யா. இதே மாதிரி. நீங்களும் சும்மாதான் நிப்பீங்களா?”

அலமாரியில் பெரிபெரிக்கான பி-ஒன் ஊசி மருந்து ஒரு பெட்டி இருக்கிறது. டாக்டர் உத்தரவில்லாமல் குழந்தைக்கு ஊசி போடக்கூடாது என்பது விதி. ஐம்பது வருஷமாக ஒரு விதியையும் மீறாதவன் நான், அந்த ஒன்றைத் தவிர. பெட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு மழையில் ஆபீஸுக்கு ஓடினேன். ஓடினேன் என்று எழுதுவதே மிகை.

ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி போனை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அரிசியைச் சொன்னேன், பத்தியத்தைச் சொன்னேன், குந்தி எழாததைச் சொன்னேன். தாய்க்கு இருக்கலாம் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். குழந்தைக்கு இல்லை என்றார். தொண்டை அடைப்பானில் இருதயம் கெடும், ஊசியை நம்பி உட்கார்ந்துவிடக்கூடாது, ராணுவ வண்டி கேட்டுப் பிள்ளையை டவுனுக்கு வரவழைக்கப் பார்க்கிறேன் என்றார். குரல் போனதற்கு என்ன சொல்கிறீர்கள், அறிக்கையில் பதினோராம் கட்டில் தானே குணமாகவில்லையா என்று கேட்டார்.

“தானா குணமாகல டாக்டர். நான்தான் அவனுக்கு என் புழுங்கல் சோத்தைக் குடுத்தேன். ஏட்டுல பொய் எழுதினேன். குரல் சோத்தாலதான் திரும்பி வந்துச்சு.”

கிராணி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எத்தன நாள்ல வந்துச்சு?”

“கால் வீக்கம் ஒரு வாரம். குரல் மூணு வாரம்.”

“போடுங்க. உடனே போடுங்க. உத்தரவு என் பேர்ல எழுதிக்குங்க.”

12.25: குழந்தைக்கு ஊசி. தாய்க்கும்.

1.00: மாற்றம் இல்லை. ஜெபம்.

2.10: நாடி எண்ண முடிகிறது.

3.40: உதடு சிவப்பு. மார்பைத் தேடுகிறான்.

4.15: குடித்தான்.

செல்லம்மா தரையில் உட்கார்ந்தாள்.

அக்டோபர் 13, சனி

வெயில். பிச்சைக்குப் பாலும் தூக்கமும். குரல் இல்லை.

மருதாயிக்குப் பருப்பு, கீரை, முட்டை கொடுக்கச் சொன்னேன். பத்தியம் போதும் என்று செல்லம்மாவிடம் எப்படிச் சொல்வது? இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். பழைய பத்தியம் புழுங்கலுக்கு ஏற்பட்டது, இந்தப் பொதுச் சோற்றுக்கு ஆகாது என்றேன். செல்லம்மா தானே கொட்டகைக்குப் போய், சாக்கடைக்குப் போகவிருந்த கஞ்சியை ஒரு செம்பில் பிடித்து வந்தாள். வாசலில் காவல்காரன் “தாப்போலே, கூடாது” என்று தடுத்திருக்கிறான்.

“தண்ணிக்குமா சட்டம்? குடிச்சுப் பாரு லா, அரிசி இருந்தா என்னப் புடி” என்றாளாம்.

அக்டோபர் 16, செவ்வாய்

டாக்டர் வந்தார். மருதாயி கையை ஊன்றி, ஆனால் ஒரே மூச்சில் எழுந்தாள். பிச்சையின் மார்பில் குழல் வைத்து வெகுநேரம் கேட்டார்.

பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். வேலை போகும் என்று சாவிக்கொத்தை மேசை மீது தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மற்ற எஸ்டேட்டுகளிலும் சத்தமில்லாமல் அழுத பிள்ளைகளைத் தொண்டை நோய் என்று எழுதியிருக்கிறேன், இந்த மாதம் இரண்டு பேர் பிழைக்கவில்லை என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அரிசியைப் பற்றி மேலிடத்துக்கு எழுதப் போகிறாராம். பதினோராம் கட்டிலைப் பற்றி என் கைப்பட எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்.

எழுதினேன். ஒரே தடவை, கிழிக்கவில்லை. கையெழுத்து முன்பு போல் இல்லை.

ஐம்பது வருஷம். அந்த இரண்டு பிள்ளைகள் இந்த மாதம் போனவர்கள். அதற்கு முன் எத்தனை பேர்? துரையின் கேள்விக்குறிக்கு அன்றே பதில் சொல்லியிருந்தால்? ஆ சூனுக்குச் சோறு கொடுத்ததற்காக வருந்த முடியவில்லை. எழுதியதற்காக வருந்துகிறேன். இரண்டையும் பிரித்து வைக்கத் தெரியவில்லை.

அக்டோபர் 23, செவ்வாய்

மழை. கட்டில்கள் நிறைந்துவிட்டன. குந்தி எழ முடியாதவர்கள் இன்னும் மூன்று பேர், எல்லோருக்கும் ஊசி. புழுங்கல் வரும் என்கிறார்கள், வரவில்லை. கஞ்சியைக் கொட்டுவது நின்றது. குரல் இல்லை. பதினொரு நாள். மூன்று வாரம் என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

நவம்பர் 1, வியாழன்

காலை ஏழு மணி, எடை பார்க்கும் நேரம். இலேசான தூறல். பஞ்சு குறைவு.

மண்டோர் சின்னையா காய்ச்சல் திரும்பி மீண்டும் மூன்றாம் கட்டிலில். புகார் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி அடம்பிடித்தார். ஆ சூனின் அடிக்கோலால் கோடு போட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: பெண்கள் வார்டில் ஒரு கைக்குழந்தை விடியற்காலையிலிருந்து வீறிட்டு அழுகிறது. மூன்றாம் கட்டில்காரர் தூங்க முடியவில்லை.

எழுத்து நன்றாக வந்தது.