நிறுத்தச் சொன்ன நாகஸ்வரம்

ஸ்ரீரங்கம்
ஞாயிறு காலை

அன்புள்ள ரகு அண்ணாவுக்கு,

ஹம்ஸா சேவித்து எழுதுவது. அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கால் வீக்கமும் வடிந்துவிட்டது. போனில் பேசினால், மீட்டிங் இருக்கு என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மா போய் வருஷம் முடியாத வீட்டில் மங்கள வாத்தியம் கூடாது என்று நியூஜெர்சியிலிருந்து உத்தரவு போட்டாய். வேதவதி அத்தை அன்றே ஸ்பீக்கரை பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஆத்துல துக்கம், இந்தப் பொண்ணுக்கு நாகஸ்வரம் வேண்டியிருக்கு என்று மாடிவீட்டு மாமியிடமும் சொன்னாள். நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எனக்காகவா போட்டேன்? அப்பா இளவயதில் விரும்பிக் கேட்டதைத் தினமும் சிறிது நேரம் கேட்கவிடச் சொன்னவர் தில்லைநகர் டாக்டர். மறதி குணமாகாது, பாட்டோடு ஒட்டிய நினைவுகள் சற்றே எழுந்து வரலாம் என்றார். நானும் தேடிப் படித்தேன். எல்லோருக்கும் பலிப்பதில்லை. அப்பாவுக்குப் பலித்தது. நாகஸ்வரத்தில் தோடி ராகம் தொடங்கியதும் தொடையில் தாளம் போட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்தவர்களைப் பேர் பேராகச் சொன்னார். பிறகு, உங்கம்மாக்கு இது ரொம்பப் பிடிக்கும், போயிட்டாளேடி என்று அழுதார்.

அந்த அழுகையைத்தான் அத்தை உனக்குச் சொல்லியிருக்கிறாள், நான் அவரை வதைக்கிறேன் என்று.

இப்போது நடப்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கம்மா எங்கேடி என்கிறார். நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எப்போ, ஏன் என்கிட்ட சொல்லலை என்று இடிந்துபோகிறார். மறுநாளும் அதே கேள்வி. அவருக்கு அம்மா தினமும் புதிதாகச் சாகிறாள். பாட்டு ஓடியபோது யாரும் சொல்லாமல் அவருக்கே தெரிந்திருந்தது. மாதாமாதம் நீ காரியம் செய்கிறாய், சரி. முதலில் துக்கம் காக்க வேண்டியவர் அவர் இல்லையா? அதை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு எந்த சாஸ்திரத்தைக் காப்பாற்றுகிறோம்?

அத்தையிடம் சாவியைக் கேட்டு வாங்கிவிட்டேன். நாளை முதல் காலை பத்து மணிக்குப் போடுவேன். இதற்கு உன் அனுமதியைக் கேட்கவில்லை.

கேட்பது வேறு. இனி அப்பாவோடு பேசுவதானால் பாட்டு ஓடும்போது கூப்பிடு; அப்போதுதான் அவருக்கு முகங்கள் நினைவுக்கு வருகின்றன. உனக்கு அது ராத்திரிதான், தெரியும். போன வாரம் நீ வீடியோவில் பேசிவிட்டு வைத்தபின் அவர் என்னிடம் கேட்டதை இங்கே எழுதப்போவதில்லை. தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை, அண்ணா, அந்த நேரத்திலேயே கூப்பிடு.

உன் தங்கை,
ஹம்ஸா